நாக்கு எரிகிறது, கண்ணாடியில் ஒன்றும் இல்லை

(பட்டாபிராமில் மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் வாய் மருத்துவ நிபுணர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கொதிக்கக் கொதிக்கக் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, வாய் எரிச்சலைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டீர்கள். நான் ஆறவைத்துத்தான் குடித்தேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன். சேக்காட்டுப் பக்கம், ஐம்பத்தெட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும், கையிலிருந்த மஞ்சள் பையை என் மேஜையில் கவிழ்த்தார். ஆறு டூத்பேஸ்ட் டியூப். ஒவ்வொன்றும் பாதி பிதுக்கியது. சிவப்பு, பச்சை, உப்பு போட்டது, கிராம்பு போட்டது, மூலிகை, குழந்தைகளுடையது. ஒன்றரை வருஷமாக மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்.

“நாக்குல மொளகாத்தூள் தடவுன மாதிரி இருக்கு டாக்டரம்மா. காலையில எந்திரிக்கும்போது ஒண்ணும் இல்ல. பத்து மணிக்கு லேசா ஆரம்பிக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திகுதிகுன்னு எரியும். சாப்பிடும்போது மட்டும் தெரியல. சாப்பிட்டுக் கை கழுவினா மறுபடியும் வந்துடுது.”

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, வெள்ளை இல்லை, புண் இல்லை, வீக்கம் இல்லை. பாடப் புத்தகத்தில் ‘ஆரோக்கியமான நாக்கு’ என்று படம் போட வேண்டுமானால் அந்த நாக்கையே எடுத்துப் போடலாம்.

என்னிடம் வருவதற்கு முன் ஐந்து பேரிடம் காட்டியிருக்கிறார். ஒருவர் பல்லைச் சுத்தம் செய்தார். ஒருவர் வைட்டமின் மாத்திரை கொடுத்தார். ஒருவர் கூரான கடைவாய்ப் பல்லை ராவிவிட்டார். எல்லோரும் கடைசியில் சொன்னது ஒரே வார்த்தைதான்: “ஒண்ணுமில்லம்மா.”

டாக்டர் ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லும்போது, புண் இல்லை, கட்டி இல்லை, பயப்படும்படி ஏதும் இல்லை என்ற அர்த்தத்தில் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் அந்த வார்த்தையின் அர்த்தம் மாறிவிடுகிறது. எரிச்சலே இல்லை, இந்த அம்மா சும்மா சொல்கிறாள் என்று ஆகிவிடுகிறது. மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மருமகள் அடுப்படியில் யாரிடமோ போனில் சொல்வது காதில் விழுகிறது. கொஞ்ச நாளில் அந்த அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது: நமக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோ?

இதை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், இதே மாதிரி வந்த ஒரு பெரியம்மாவிடம், “ஒண்ணுமில்ல பாட்டி, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் எழுந்து போகும்போது, “உன் வாயி எரிஞ்சா தெரியும் கண்ணு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, வாய் ஏன் எரிகிறது? எரிகிற எல்லா வாயும் அந்த அம்மாவின் வாய் மாதிரி இல்லை. பெரும்பாலான எரிச்சலுக்குப் பார்த்தால் தெரிகிற, அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரிகிற காரணம் இருக்கும். அவற்றை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அவை குணமாகக் கூடியவை. ஆகையால் தெரிந்த காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது ரத்தசோகையையும் பி12 குறைவையும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்தும் பி12-உம் குறைந்தால் நாக்கின் மேலிருக்கும் சின்னச் சின்ன மொட்டுகள் தேய்ந்து, நாக்கு வழவழவென்று சிவந்து, ரசம் பட்டாலே காந்தும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை எட்டு வருஷம், பத்து வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் இருப்பீர்கள். அந்த மாத்திரை நல்ல மாத்திரை, குறை சொல்லவில்லை. ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் உடம்பு பி12-ஐ உறிஞ்சுவது குறையும். காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரையும் வருஷக்கணக்கில் போனால் அதையே செய்யும். சைவச் சாப்பாடு, மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், பி12 அளவைப் பார்க்காமல் அந்த எரிச்சலுக்கு வேறு வைத்தியம் செய்வது வீண் வேலை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு சர்க்கரை, பிபி மாத்திரைகள் நம் தெருவுக்கே வருகின்றன. பெரிய விஷயம். மாத்திரை கொண்டுவருகிற அந்தப் பெண்ணிடம், “எனக்கு வாய் எரியுது, ரத்தம் டெஸ்ட் பண்ண எங்க போகணும்?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்தது பூஞ்சை. பல்செட்டை ராத்திரியும் கழற்றாமல் தூங்குகிறவர்கள், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்கு வரும். மேலண்ணம் பல்செட் அளவுக்கு அச்செடுத்தாற்போல் சிவந்திருக்கும். இதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் சரியாகும். பல்செட்டைப் படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போடுங்கள். “பல் இல்லாம அவர் முன்னாடி எப்படி டாக்டர்?” என்று ஒரு அம்மா கேட்டார். ஐயாவும் கழற்றிவைக்கிறவர்தான், அது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிபி மாத்திரைகளில் எனலாப்ரில் வகையைச் சேர்ந்தவை சிலருக்கு வாய் எரிச்சல் கொடுக்கும். அதற்காக வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொன்னால் வேறு வகை மாற்றித் தருவார். தைராய்டு, எச்சில் சுரப்புக் குறைவு, நெஞ்செரிச்சலில் மேலே ஏறிவரும் அமிலம், கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைக் கோலம் போட்டதுபோல் தெரியும் லைக்கன் பிளானஸ், டூத்பேஸ்டில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட், இவை எல்லாவற்றையும் உங்கள் டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இவற்றில் நான் நேரம் செலவிடப்போவதில்லை.

நேரம் செலவிட வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. பாக்கு.

1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரின் வாய்களைப் பற்றி எழுதினார். வாயின் உள்தோல் வெளுத்து, இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போயிருந்தது. அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், இங்கேயும் அது இருக்கிறது என்று எழுதி, இன்று நாம் பயன்படுத்தும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்ற பெயருக்கு வழி வகுத்தார். ஆப்பிரிக்காவில் இருந்த நம்மவர்களைப் பார்த்துத்தான் உலகம் இந்த நோயைத் தெரிந்துகொண்டது. பெட்டி படுக்கையோடு பாக்கையும் கொண்டுபோயிருந்தார்கள்.

இந்த நோயின் முதல் அறிகுறி கட்டி இல்லை, புண்ணும் இல்லை. எரிச்சல்தான். வழக்கமாகச் சாப்பிடுகிற அதே காரம், அதே குழம்பு, திடீரென்று ஒருநாள் தாங்க முடியாமல் போகும். “எங்க அம்மா இப்பல்லாம் காரம் ஜாஸ்தி போடுறாங்க” என்று ஒரு பையன் என்னிடம் புகார் சொன்னான். இருபத்து மூன்று வயது. அம்மா பக்கத்திலேயே நின்று, “அதே கரண்டி, அதே தூள்தான் டாக்டர்” என்றார். பையனிடம் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொன்னேன். இரண்டுதான் போயிற்று. சட்டைப் பாக்கெட்டில் மாவா பொட்டலம் இருந்தது.

மாவா என்றால் சீவிய பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பாக்கிலிருக்கும் அரிகோலின் என்ற பொருள், உள்தோலில் நார்களை அளவுக்கு மேல் உற்பத்தி செய்ய வைக்கிறது. உடம்பு அந்த நாரைக் கரைக்கும் வேலையும் மந்தமாகிவிடுகிறது. கன்னம் பனைநார் மாதிரி இறுகுகிறது. கையால் தடவினால் கயிறு தட்டுப்படும். ஒருமுறை இறுகியது முழுதாக இளகுவதில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட 66 பேரை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1985-இல் முடிவை வெளியிட்டார்கள்: ஐந்து பேருக்கு வாய்ப் புற்றுநோய்.

“புகையிலைதானே கெட்டது, வெறும் பாக்கு நம்ம தாம்பூலமாச்சே” என்று இங்கே ஒரு ஐயா நினைக்கிறார், முகத்தில் தெரிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இலேயே, புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்துவிட்டது. கல்யாணப் பையில் போடுகிற பாக்கைப் பற்றி நான் பேசவில்லை. தினமும் கடைவாயில் அடக்குவதைப் பற்றிப் பேசுகிறேன். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இலிருந்து தடை. தடை இருப்பது தாளில். பொருள் எங்கே கிடைக்கிறது என்று என்னைவிட உங்கள் பேரன்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஒரு பையன் திடீரென்று தயிர்சாதம் மட்டும் கேட்க ஆரம்பித்தால், மூன்று விரல் சோதனையைச் செய்து பாருங்கள்.

இத்தனையும் பார்த்தாயிற்று. ரத்தத்தில் குறை இல்லை, பூஞ்சை இல்லை, பாக்கு இல்லை, மாத்திரை மாற்றியும் பயனில்லை. நாக்கு பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தினமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாக எரிகிறது. இப்போதுதான் நாங்கள் பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்ற பெயரைச் சொல்கிறோம். பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். அதிலும் மாதவிலக்கு நின்ற பிறகு. நாக்கின் நுனியிலும் இரண்டு ஓரத்திலும், உதட்டின் உள்பக்கத்திலும், மேலண்ணத்தின் முன்பகுதியிலும் எரியும். கூடவே, வாயில் செப்புக்காசு வைத்ததுபோல் ஒரு ருசி, அல்லது கசப்பு. எச்சில் இருந்தும் வறண்டதுபோல் உணர்வு. அந்த அம்மாவுக்கு இருந்தது இதுதான்.

இதை ஹிஸ்டீரியா என்றும், நரம்புத் தளர்ச்சி என்றும், வயசான பொம்பளைகளின் புலம்பல் என்றும் வெகுகாலம் மருத்துவ உலகமே ஒதுக்கிவைத்தது. ஆங்கிலத்திலும் சரி, தமிழிலும் சரி, ஐம்பது வயதுப் பெண் வலிக்கிறது என்று சொன்னால் காது கொடுப்பதற்கு ஆள் குறைவு. 2005-இல் இத்தாலியில் லவ்ரியா என்பவரின் குழு, இப்படிப்பட்டவர்களின் நாக்கிலிருந்து கடுகளவு தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தது. கண்ணாடியில் நன்றாகத் தெரிந்த நாக்கில், மேல்தோலுக்குள் ஓடும் மெல்லிய நரம்பு இழைகள் எண்ணிக்கையில் வெகுவாகக் குறைந்திருந்தன. மிஞ்சியவை சிதைந்திருந்தன. அதாவது கோளாறு இருந்தது. நாங்கள் பார்த்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும், குளோத்திங் ஃபேக்டரியிலும், டெப்போவிலும் முப்பது வருஷம் உழைத்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். வயரிங்கில் இன்சுலேஷன் போயிருக்கும். மோட்டாரையே மறுபடி மறுபடி கழற்றி மாட்டினால் சரியாகுமா? பல்லை ராவுவது, பல்லைப் பிடுங்குவது, பேஸ்ட்டை மாற்றுவது எல்லாம் அந்த வேலைதான்.

இன்னொரு விஷயம் சொன்னால் உங்களுக்கு ருசிக்கும். அறுசுவையில் கார்ப்பையும் ஒரு சுவையாக நாம் வைத்திருக்கிறோம். உடம்பைக் கேட்டால், காரம் சுவையே இல்லை, சூடு. உப்பும் புளிப்பும் இனிப்பும் போகிற நரம்பு வேறு, மிளகாய் போகிற நரம்பு வேறு. மிளகாய், சூட்டையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பில் ஏறுகிறது. 1997-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழு, அந்த நரம்பின் வாசலில் நிற்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். சுமார் 43 டிகிரி சூடு பட்டால் அது திறக்கும். மிளகாயில் உள்ள காப்சைசின் பட்டாலும் திறக்கும். மூளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் காரம் தின்றவன் வாயை ஊதுகிறான். ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு மிளகாய் போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்து சில நூறு வருஷங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன் மிளகுதான். மிளகு போலக் காரமான காய், அதனால் மிளகாய்.

“மொளகாத்தூள் தடவுன மாதிரி” என்று அந்த அம்மா சொன்னது உவமைதானே என்று நினைத்துவிடாதீர்கள். மிளகாய் போகிற நரம்பும் அவருக்குக் கெட்டுப்போன நரம்பும் ஒரே இனம். மிளகாய் இல்லாமலேயே மிளகாய் பட்ட செய்தியை அது மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு நோயாளி தன் நோயை இவ்வளவு சரியாகச் சொல்லியும் ஐந்து டாக்டர்களுக்கும் புரியவில்லை.

சாப்பிடும்போது ஏன் எரிச்சல் குறைகிறது? சுவை நரம்பும் வலி நரம்பும் ஒன்றையொன்று அடக்கிவைப்பவை என்று ஒரு கருத்து உண்டு. சுவை நரம்பு பலவீனப்பட்டால் வலி நரம்பு தலையெடுக்கிறது. வாயில் சாப்பாடு போய்ச் சுவை நரம்புக்கு வேலை கொடுத்தால் வலி நரம்பு கொஞ்சம் அடங்குகிறது. பொதுவாகப் புண்ணோ புற்றோ இருக்கிற வாய் சாப்பிடும்போதுதான் அதிகம் வலிக்கும். சாப்பிடும்போது குறைகிற எரிச்சல் எங்களுக்கு ஒரு நல்ல துப்பு.

புற்று என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் மனதுக்குள் புற்றுநோய்ப் பயத்தை வைத்துக்கொண்டுதான் வருவார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மாவும் எழுந்து போகிற நேரத்தில்தான் கேட்டார்: “உள்ள, நாக்கோட அடியில, வரிசையா கட்டி கட்டியா இருக்கே, அது என்ன?” செல்போன் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். தினமும் பார்த்திருக்கிறார். நாக்கை முழுக்க நீட்டினால் பின்பக்கத்தில், ஆப்பு வடிவத்தில், எட்டுப் பத்து மொட்டுகள் தெரியும். சுவை மொட்டுகள். உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, பிறந்த நாளிலிருந்து உண்டு. வீட்டுக்குப் போனதும் எல்லோரும் பார்க்கப்போகிறீர்கள். ஒருமுறை பாருங்கள், போதும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது என்றால், இரண்டு வாரத்தில் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, ஒரே பக்கம் மட்டும் வலி, மரத்துப்போதல், வாய் திறப்பது குறைதல், கழுத்தில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது.

வைத்தியத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் நான் உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. இந்த நோயை அடியோடு போக்கும் மருந்து இன்று வரை இல்லை. உலகெங்கும் நடந்த 23 மருத்துவச் சோதனைகளை, ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை, காக்ரேன் அமைப்பு 2016-இல் அலசிப் பார்த்து, எதையும் உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதவில்லை என்று சொன்னது. மிலானில் 53 பேரைக் கவனித்தார்கள். எரிச்சல் தானாகவே முழுதும் நின்றது இரண்டு பேருக்கு. பதினைந்து பேருக்கு ஓரளவு குறைந்தது. மற்றவர்களுக்கு அப்படியே இருந்தது அல்லது கூடியது.

இதைச் சொன்னதும் முகம் வாடுகிறது, தெரிகிறது. ஆனால் எட்டாக இருக்கிற எரிச்சலை மூன்றுக்குக் கொண்டுவரலாம். முதல் நாளே நான் நோயாளியிடம், “பத்துக்கு எத்தனை?” என்று கேட்டு எழுதிவைப்பேன். அந்த அம்மா “பதினொண்ணு” என்றார்.

குளோனசிபாம் என்று ஒரு மாத்திரை. வலிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. பிரான்சில் 2004-இல் வெளிவந்த ஒரு சோதனையில், அதை விழுங்காமல் மூன்று நிமிஷம் வாயில் ஊறவைத்து, எச்சிலோடு துப்பச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கு எரிச்சல் கணிசமாகக் குறைந்தது. நானும் சிலருக்குக் கொடுக்கிறேன். ஆனால் இது பழக்கமாகக் கூடிய மருந்து, மயக்கம் தரும், வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள இது போதும். டாக்டர் சீட்டு இல்லாமல், இந்தக் கூட்டத்தில் கேட்டேன் என்று மெடிக்கலில் போய்க் கேட்காதீர்கள். ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் என்ற மாத்திரையை நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் இத்தாலியில் நல்ல பலன் என்றார்கள். பின்னால் வந்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. என் அபிப்பிராயம், பணத்துக்கு ஏற்ற மருந்து இல்லை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. மிளகாய்ச் சாற்றை நீர்க்கச் செய்து வாய் கொப்பளிப்பதைக்கூடச் சோதித்திருக்கிறார்கள். நரம்பு களைத்து அடங்கும் என்ற கணக்கு. தயவுசெய்து வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்.

மருந்து இல்லாத ஒரு வைத்தியமும் உண்டு. 1995-இல் சுவீடனில், எதற்கும் அடங்காத எரிச்சல் உள்ளவர்களுக்கு மனநல ஆலோசனையை முறையாக, வாரா வாரம் கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்தது. உடனே, “பாத்தீங்களா, மனசுதான் காரணம்” என்று யாரும் எழுந்திருக்காதீர்கள். நரம்பு அனுப்பும் செய்தியை வாங்கி, அதன் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மூளை. தூக்கம் கெட்டவளுக்கு, கவலையில் இருப்பவளுக்கு, தன் பேச்சை நம்ப ஆளில்லாதவளுக்கு அந்தச் சத்தம் கூடும். பல்வலிக்கும் இது பொருந்தும், மூட்டுவலிக்கும் பொருந்தும்.

வீட்டில் செய்யக் கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள். ஐஸ் துண்டை வாயில் அடக்குங்கள். பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு மடக்குக் குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம்; அறுபது வயதில் சூயிங்கமா என்று கூச்சப்பட வேண்டாம். புதினா, கிராம்பு, பட்டை வாசனையுள்ள பேஸ்ட்டை விட்டு, நுரை அதிகம் வராத, உறைப்பில்லாத ஒரு பேஸ்ட்டுக்கு மாறி, அதிலேயே நில்லுங்கள். ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் இந்த எரிச்சலைத் தீர்க்குமா என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். தீர்க்காது. ஆனால் சாப்பிடுங்கள், நல்ல கீரை. படிகாரம், கடுக்காய் என்று துவர்ப்பாக எதையாவது நாக்கில் தேய்ப்பது மட்டும் கூடாது. ஏற்கெனவே கெட்ட நரம்பை இன்னும் சீண்டுவது அது. “உடம்பு சூடு” என்று வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் குளியுங்கள். தூக்கம் நன்றாக வரும், அது உதவும்.

அந்த அம்மாவுக்கு எரிச்சலைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. மூன்றாவது தடவை வந்தபோதுதான் சொன்னார். “குழம்புல உப்பு தெரிய மாட்டேங்குது டாக்டரம்மா.” முப்பத்தைந்து வருஷம் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து உப்பு சொன்னவர். வாயில் எப்போதும் செப்புக்காசு ருசி இருந்தால் எதில் உப்பு தெரியும்? ஒருநாள் சாம்பாரில் உப்பு இரண்டு மடங்காகி, யாரும் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து மருமகள் சமையலை எடுத்துக்கொண்டாள். உதவியாகத்தான் எடுத்துக்கொண்டாள். இவருக்கு அது பதவியைப் பறித்த மாதிரி ஆகிவிட்டது. எரிச்சல் ஒன்பதுக்குக் கீழே இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த முறை மருமகளையும் கூட்டிவரச் சொன்னேன். வந்த பெண் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருவரிடமும் அந்த நுண்ணோக்கிப் படங்களைக் காட்டினேன். இது நல்ல நாக்கு, இது உங்கள் அத்தையின் நோய் உள்ளவரின் நாக்கு. இங்கே இத்தனை இழை, அங்கே பாருங்கள், எவ்வளவு குறைவு. அந்தப் பெண் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “நெஜமாவே எரியுதா அத்த?” என்று கேட்டாள். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது மாமியார் தாளிக்கிறார், மருமகள் உப்பு பார்க்கிறாள். எரிச்சல் நின்றுவிடவில்லை. போன மாதம் வந்தபோது பத்துக்கு நான்கு என்றார். ஐஸ் டப்பாவோடு ரேஷன் கடைக்குப் போய் வருகிறார். கண்ணாடி பார்ப்பதை வாரம் ஒருமுறையாகக் குறைத்திருக்கிறார். முழுக்க விடச் சொன்னேன், முடியவில்லையாம்.

நேரமாகிவிட்டது. இங்கிருந்து எங்கே போவது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லாவற்றிலும் வாய் மருத்துவத் துறை என்று தனியாக இருக்கும். அங்கே கேளுங்கள், பல் பிடுங்கும் வரிசையில் நிற்காதீர்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே. பட்டாபிராமில் பீச் வண்டி கிடைத்தால், பீச்சில் இறங்கித் தாம்பரம் வண்டியில் அடுத்த ஸ்டேஷன். சென்ட்ரல் வண்டி என்றால், இறங்கி எதிரே பார்க் ஸ்டேஷனில் பீச் வண்டி பிடியுங்கள். அதற்கும் அடுத்த ஸ்டேஷன் கோட்டைதான். காலையிலேயே போய்விடுங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், பல்செட் இருந்தால் அதையும், இப்போது தேய்க்கும் பேஸ்ட் டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கூட ஒருவரை அழைத்துப்போங்கள், வீட்டில் உங்களை நம்பாதவர் யாரோ அவரை.